சுண்டு விரல் மட்டும் மரத்துப் போகவில்லை

நான் 22 ஆண்டுகளாக வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்து வருகிறேன். வலது கை இரவில் மரத்துப் போகத் தொடங்கியபோது, நாள் முழுவதும் கத்தரி பிடிக்கும் கைக்கு இது இயல்புதான் என்று எண்ணி ஓராண்டுக்கு மேல் காலம் கடத்திவிட்டேன். அதைப் போல மற்றவர்களும் காலம் கடத்திவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரவு இரண்டு மணியளவில் விரல்களில் ஊசி குத்துவது போன்ற எரிச்சலோடு விழிப்பு வரும். கட்டிலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு, ஈரத் துணியை உதறுவது போல நாலைந்து முறை உதறினால்தான் அடங்கும். பிறகு பகலிலும் தொந்தரவு வந்தது. கொக்கி தைக்கும்போது ஊசி விரல்களுக்கிடையே இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை ஏற்பட்டது. சுளுக்கு என்று சொல்லி ஒருவர் எண்ணெய் தேய்த்து இழுத்துவிட்டார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒரு மருத்துவமனையில் மூன்று மாதங்கள் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டினாலும் பயனில்லை.

கடைசியாகப் பார்த்த எலும்பு மூட்டு மருத்துவர், படம் எதுவும் எடுப்பதற்கு முன்பே, "சுண்டு விரலும் மரத்துப் போகிறதா அம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. யோசித்துப் பார்த்தபோதுதான், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மட்டுமே மரத்துப் போகின்றன, சுண்டு விரலுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது எனக்கே புரிந்தது. இரு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் கீழ்நோக்கித் தொங்கும்படி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். அந்த நிமிடம் முடிவதற்குள் அதே எரிச்சல் வந்துவிட்டது.

கார்பல் டனல் என்று அதற்குப் பெயர் சொன்னார். மணிக்கட்டின் உள்பக்கத்தில், எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்கே ஓடும் தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் நெருக்கிக்கொண்டு செல்கின்றன. உள்ளே சற்று வீங்கினாலும் முதலில் நசுங்குவது அந்த நரம்புதான். சுண்டு விரலுக்கான நரம்பு அந்த வழிக்குள் செல்வதில்லை. தூக்கத்தில் மணிக்கட்டு மடிந்துவிடுவதால் இரவில் தொல்லை மிகுகிறது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றாலும் இது வரக்கூடும் என்பதால், எனக்கு இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். தைராய்டு குறைவாக இருப்பது அப்போதுதான் தெரியவந்தது.

தொடக்கத்திலேயே வந்திருந்தால், மணிக்கட்டு மடியாமல் நேராக வைத்திருக்கும் ஸ்பிளின்ட்டை இரவில் ஆறு வாரங்கள் கட்டிப் பார்த்திருக்கலாம், தேவைப்பட்டால் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கலாம் என்றார். ஆனால் என் கட்டைவிரலின் அடியில் இருக்க வேண்டிய சதைமேடு இடது கையில் இருப்பதைப் போலில்லாமல் தட்டையாகிவிட்டிருந்தது. நரம்பு நெடுநாள் நசுங்கியதன் அடையாளம் அது. நரம்பில் மின்சாரம் செல்லும் வேகத்தை அளக்கும் பரிசோதனையும் அதையே உறுதிப்படுத்தியதால், கையை மட்டும் மரக்கச் செய்து அந்த நார்ப்பட்டையை வெட்டி விடுவித்தார்கள். இரவு எரிச்சல் முதல் வாரத்திலேயே நின்றது. கத்தரியை அழுத்திப் பிடிக்கும் வலிமை திரும்ப நான்கு மாதங்கள் ஆயின. சதைமேடு இன்னும் முழுமையாக நிறையவில்லை.

இந்த அனுபவம் இருந்ததால்தான், பிள்ளை பெற்று மூன்றாம் மாதத்தில் என் மகள் கைவலி என்றபோது, எந்த இடத்தில், எப்போது என்று முதலில் கேட்டேன். அவளுக்கு மரத்துப் போகவே இல்லை. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில், குழந்தையைத் தூக்கும்போது மட்டும் சுரீரென்று வலித்தது. இது கட்டைவிரலை இயக்கும் இரண்டு தசைநாண்களின் உறை தடித்துவிடுவதால் வரும் வேறொரு நோய். 1895-இல் இதை விவரித்த ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வெய்னின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டும் ஸ்பிளின்ட்டை அவளுக்குக் கொடுத்தார்கள். கட்டைவிரலை விரித்து அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், ஒரு கையைப் பிட்டத்தின் கீழும் மறு கையை முதுகின் கீழும் கொடுத்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி அள்ளித் தூக்கப் பழக்கினார்கள். பழைய பழக்கத்தில் கை தானாகவே அக்குளுக்குப் போகும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று நினைவூட்டுவேன். இரண்டு மாதங்களில் ஊசி எதுவும் போடாமலே அவளுக்கு வலி நின்றுவிட்டது.