சேடில் முழுவதும் இறங்கியும் கம்பி உயரம் குறையவில்லை: பேஸ் கிட்டார் நெக்குக்கு ஷிம் வைப்பது எப்படி?

தாழ்சுருதி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 34 அங்குல ஸ்கேல் (கம்பி ஒலிக்கும் நீளம்) கொண்ட நான்கு கம்பி பேஸ் கிட்டார். நெக் (கழுத்துப் பகுதி) நான்கு மரத்திருகுகளால் பாடியோடு (உடற்பகுதி) பிணைக்கப்பட்டிருக்கிறது. நெக்கின் வளைவைத் திருத்தும் உள்கம்பியான ட்ரஸ் ராடை முதலிலேயே சரிசெய்துவிட்டேன். 1ஆவது ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) கேப்போ என்ற கவ்வியை மாட்டி, பாடியோடு நெக் சேரும் இடத்து ஃபிரெட்டை விரலால் அழுத்தி அளந்தால், 7ஆவது ஃபிரெட்டில் ரிலீஃப் (நெக்கின் லேசான வளைவால் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே வரும் இடைவெளி) 0.3 மி.மீ. வருகிறது. ஆகவே கோளாறு அங்கே இல்லை என்று நினைக்கிறேன்.

பிரிட்ஜில் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) கம்பிகள் அமரும் நான்கு சேடில்களும் அடித்தகட்டில் உட்கார்ந்துவிட்டன. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகுகளின் தலைகள் சேடிலுக்கு மேலே துருத்திக்கொண்டு, கம்பியை அடக்கி வாசிக்கும்போது உள்ளங்கை ஓரத்தைக் கீறுகின்றன. இவ்வளவுக்குப் பிறகும் 17ஆவது ஃபிரெட்டில் மிகத் தடித்த ஈ கம்பியின் உயரம் 3.4 மி.மீ. இருக்கிறது, 2.4 மி.மீ. அளவுக்கு வந்தால் போதும்.

நெக்கை ஒருமுறை கழற்றி மாட்டியபோது நான்கு திருகுகளில் ஒன்று இறுகாமல் வெறுமனே சுற்றுவதையும் கண்டேன். இப்போது நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் நெக் அசைகிறது; மிக மெல்லிய ஜி கம்பி ஃபிரெட்போர்டின் (ஃபிரெட்டுகள் பதிந்த நெக்கின் மேற்பரப்பு) விளிம்புக்கு மிக அருகில் ஓடுகிறது. ஷிம்மை (நெக்கைச் சாய்க்க அதன் அடியில் வைக்கும் மெல்லிய துண்டு) எந்த முனையில், எவ்வளவு தடிமனில் வைப்பது? விசிட்டிங் கார்டை நறுக்கி வைத்தால் போதுமா? அந்தத் திருகை என்ன செய்வது?

உளிக்காரன் எழுதியது:

ரிலீஃபைப் பார்த்துவிட்டு ஷிம்முக்கு வந்திருக்கிறீர்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வளைந்த நெக்கைச் சாய்வால் சரிக்கட்ட முயல்கிறார்கள்.

சேடில் இறங்க இடமில்லாமல் கம்பி உயரமாக இருந்தால், நெக் பாக்கெட்டின் (பாடியில் நெக் உட்காரும் குழி) பிரிட்ஜ் பக்க முனையில் ஷிம் வைக்க வேண்டும். நெக்கின் அடிமுனை அங்கே உயர, ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்கிறது, ஃபிரெட்போர்டு கம்பியை நோக்கி எழுகிறது. சேடிலை உச்சிவரை ஏற்றியும் கம்பிகள் ஃபிரெட்டில் உரசும் கிட்டாருக்கு மட்டும், ஹெட்ஸ்டாக் பக்க முனையில் வைப்பார்கள்.

தடிமனை ஊகத்துக்கு விடவேண்டாம். இந்த வகைக் கிட்டாரில் பாக்கெட்டின் நீளம் ஏறக்குறைய 76 மி.மீ. நெக் சாயும் அச்சு பாக்கெட்டின் வெளி விளிம்பு. அது 16ஆவது ஃபிரெட்டை ஒட்டி இருந்தால், அங்கிருந்து சேடில்வரை சுமார் 343 மி.மீ. பிரிட்ஜ் பக்க முனையை 0.5 மி.மீ. உயர்த்தினால், ஃபிரெட்போர்டின் தளத்தைக் கற்பனையாகப் பிரிட்ஜ்வரை நீட்டிப் பார்க்கும்போது அது அங்கே 343-ஐ 76-ஆல் வகுத்து 0.5-ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 2.25 மி.மீ. உயர்ந்திருக்கும். சேடிலை அத்தனை இறக்கியதற்குச் சமம் அது. உங்களுக்கு 17ஆவது ஃபிரெட்டில் 1 மி.மீ. குறைய வேண்டும். நட்டிலிருந்து (ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பிகள் பதியும் கட்டை) அந்த ஃபிரெட் கம்பி நீளத்தின் 62 விழுக்காட்டுத் தொலைவில் இருப்பதால், சேடில் கணக்கில் அது 1.6 மி.மீ. ஆகவே 0.36 மி.மீ. ஷிம்மே கணக்குக்குப் போதும். ஆனால் அப்படி வைத்தால் சேடில் மறுபடியும் அடித்தகட்டிலேயேதான் இருக்கும், திருகுத் தலைகளும் கையைக் கீறிக்கொண்டே இருக்கும். 0.6 அல்லது 0.65 மி.மீ. வைத்தால் சேடிலை ஒரு மி.மீ.க்குச் சற்று மேலேயே ஏற்றிவைக்கலாம். சாய்வாகச் சொன்னால் இது ஏறக்குறைய அரை டிகிரி. கடைகளில் கால், அரை, ஒரு டிகிரி சரிவுள்ள மர ஷிம்கள் கிடைக்கின்றன. உங்களுக்கு ஏற்றது அரை டிகிரி. என் அளவுகளை நம்பி வெட்டிவிடாமல் உங்கள் பாக்கெட்டையும் அச்சுத் தொலைவையும் நீங்களே அளந்து கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விசிட்டிங் கார்டு வேலை செய்யும். ஆனாலும் நான் அதை வைத்துவிட்டுப் போகமாட்டேன். ஒரு முனையில் மட்டும் துண்டு வைத்தால், நெக் அந்தத் துண்டிலும் எதிர் விளிம்பிலும் மட்டுமே தொட்டு, நடுவில் இடைவெளியின் மேல் பாலம் போல நிற்கிறது; நான்கு திருகுகளும் அந்த இடைவெளியை நோக்கி அதை இழுக்கின்றன. காலப்போக்கில் கடைசி ஃபிரெட்டுகள் இருக்கும் முனை மேல்நோக்கி எழும்பிவிட்ட கிட்டார்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஷிம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் பாக்கெட் முழுவதையும் நிரப்பும் ஆப்பு வடிவ ஷிம்மை வைத்தால் அந்தக் கவலைக்கே இடமில்லை. வீட்டிலேயே செய்ய விரும்பினால், 1 மி.மீ. மேப்பிள் துண்டை இருபக்கப் பசைத்தாளால் சமதளப் பலகையில் ஒட்டி, ஒரு முனையில் அழுத்தம் கூட்டி உப்புத்தாளால் தேயுங்கள். குறுக்கே பென்சில் கோடுகள் போட்டுவைத்தால் எங்கே அதிகம் தேய்கிறது என்று தெரியும். அவ்வப்போது வெர்னியர் காலிப்பரால் இரு முனைகளையும் அளந்து பாருங்கள். தேய்த்து முடித்தபின் திருகுத் துளைகளை அதிலேயே போட்டுவிடுங்கள். எக்காரணம் கொண்டும் பசையிட்டு ஒட்டவேண்டாம். நாளை கம்பியின் தடிமனையோ பிரிட்ஜையோ மாற்றினால் சாய்வும் மாறவேண்டியிருக்கும்.

நாலுகட்டை எழுதியது:

உளிக்காரன் ஐயாவின் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை; துண்டு ஷிம் மீது அவருக்குள்ள ஐயத்தோடு மட்டும் உடன்பட முடியவில்லை. 1960களின் ஃபெண்டர் கிட்டார்களைக் கழற்றியவர்கள் தொழிற்சாலையிலேயே வைத்த மெல்லிய துண்டு ஷிம்களைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் பல இன்றும் நன்றாகவே ஒலிக்கின்றன. அதே நிறுவனம் 1970களில் சில மாதிரிகளில் கொண்டுவந்த மைக்ரோ டில்ட் அமைப்பும் அடிப்படையில் இதே வேலைதான்: நெக் பிளேட்டின் துளை வழியே ஒரு சிறு திருகு நெக்கின் அடிமுனையை ஒரே புள்ளியில் உந்தி உயர்த்துகிறது. 0.25 மி.மீ. அளவுக்குத் துண்டு ஷிம் போதுமானது, 0.6 மி.மீ. என்றால் நானும் முழு ஷிம்மையே வைப்பேன். கார்டின் உண்மையான தொல்லை வேறு. திருகின் அழுத்தத்தில் அது நசுங்கும், ஈரம் பட்டால் தடிமன் மாறும். மெல்லிய பித்தளைத் தகடு அப்படி மாறாது.

மரைநோக்கி எழுதியது:

ஷிம்மைப் பற்றிப் போதுமான அளவு பேசியாகிவிட்டது. அசையும் நெக்குக்கு எந்த ஷிம் வைத்தும் பயனில்லை என்பதால் நான் திருகுகளுக்கு வருகிறேன். நான்கு கம்பிகளும் சுருதியில் இருக்கும்போது நெக்கின் மேல் விழும் மொத்த இழுவிசை ஏறக்குறைய 75 கிலோ எடைக்குச் சமம். அதை மூன்று திருகுகளின் பொறுப்பில் விட முடியாது.

கம்பிகளை நன்றாகத் தளர்த்திவிட்டு நெக்கைக் கழற்றுங்கள். முதலில் பாடியிலுள்ள துளைகளைப் பாருங்கள். திருகைப் பாடித் துளையில் போட்டால், அது தன் எடையாலேயே வழுக்கிக் கீழே போகவேண்டும். சுற்றித்தான் இறக்கவேண்டும் என்றால், மரை பாடியையும் கவ்விக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு முறுக்கினாலும் நெக்குக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளி மூடாது, திருகு இறுகியது போன்ற பொய்யான உணர்வு மட்டும் கையில் தெரியும். வழக்கமான 4.2 மி.மீ. திருகுக்குப் பாடித் துளை 4.5 முதல் 4.8 மி.மீ.வரை இருக்கலாம்.

அடுத்ததாக, நெக்கின் அடிப்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். திருகுகள் ஏறி இறங்கிய துளைகளைச் சுற்றி மரநார் மேலே இழுபட்டு, விளிம்பு எழும்பியிருக்கும். விரல்நுனியை ஓட்டினாலே தட்டுப்படும். பாக்கெட்டுக்குள் பெயின்ட் கட்டிதட்டியிருப்பதும் உண்டு. இவை கால் மி.மீ. உயரம் இருந்தாலே உளிக்காரன் போட்ட கணக்கெல்லாம் வீண். துளைவாயைக் கவுண்டர்சிங்க் முனையால் கையாலேயே லேசாகச் சரித்துவிடுங்கள். பெயின்ட் கட்டியைக் கூரான உளியால் சீவிவிடுங்கள். பாக்கெட்டின் தளத்தைத் தேய்க்க மட்டும் இறங்காதீர்கள்.

சுற்றும் துளைக்கு, பல்குச்சியையும் மரப்பசையையும் திணிப்பது தற்காலிக ஏற்பாடு. நிலையான வழி, துளையை 6 மி.மீ. அளவுக்கு அகலமாக்கி, மேப்பிள் செருகியைப் பசையிட்டு அடைத்து, மறுநாள் 3.2 மி.மீ. துளை புதிதாகப் போடுவது. செருகியின் மரஇழை நெக்கின் இழையோடு ஒரே திசையில் கிடக்கவேண்டும். கடையில் வாங்கும் உருளைக் கட்டையில் இழை நீளவாக்கில் ஓடுவதால், திருகு இழைமுனைக்குள் இறங்கும். அங்கே பிடிப்பு குறைவு. பலகையிலிருந்து குறுக்காக வெட்டியெடுத்த செருகியே சிறந்தது. நெக்கின் அடிப்பகுதி ஃபிரெட்போர்டையும் சேர்த்து ஏறக்குறைய 25 மி.மீ. கனந்தான். டிரில் முனையில் 16 மி.மீ. உயரத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அதை வெகுவாகத் தாண்டினால் ஃபிரெட்போர்டு பக்கம் முனை எட்டிப்பார்த்துவிடும்.

திருப்பி மாட்டும்போது மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு ஈரத்தை இழுத்துத் திருகைத் துருப்பிடிக்க வைக்கும். திருகைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள்; பழைய மரையில் அது ‘டக்’ என்று விழும் இடத்திலிருந்து வலப்பக்கம் முறுக்கினால் புதிய மரை வெட்டாது. மூலைக்கு மூலை மாறிமாறி, கையால் பிடிக்கும் திருப்புளியால் மட்டுமே முறுக்குங்கள்.

தாழ்சுருதி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுப் பார்த்தேன். பாடித் துளைகளில் இரண்டு உண்மையிலேயே திருகைக் கவ்வுகின்றன. இன்னும் இரண்டு ஐயங்கள். நெக்கில் உலோக மரைச் செருகிகளைப் பதித்து மெஷின் திருகு போடுவது மேலான வழியா? ஜி கம்பி விளிம்பை ஒட்டி ஓடுவதைச் சரிசெய்ய நெக்கை எந்தப் பக்கம் நகர்த்தவேண்டும்?

மரைநோக்கி எழுதியது:

நெக்கை அடிக்கடி கழற்றுபவருக்கு உலோகச் செருகி பயன்படும். ஆண்டுக்கு ஒருமுறைகூடத் திறக்காதவருக்கு மரத்திருகே தாராளமாகப் போதும். பதிப்பதாக இருந்தால், மேப்பிள் இறுக்கமான மரம் என்பதையும், துளை சிறிதாகிவிட்டால் நெக் விரிசல் விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பித்தளைச் செருகியின் வாயிலுள்ள காடியில் திருப்புளியைப் போட்டுச் சுற்றினால் காடி உடைந்துவிடும். ஒரு போல்ட்டில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, அதைச் செருகியில் மாட்டி ஸ்பேனரால் செங்குத்தாக இறக்குங்கள். செருகியின் வாய் மரப்பரப்புக்கு அரை மி.மீ. கீழே நிற்கவேண்டும், மேலே நீட்டிக்கொண்டிருந்தால் நெக் பாக்கெட்டில் உட்காராது.

ஜி கம்பிக்கு, ஹெட்ஸ்டாக்கை ஈ கம்பி இருக்கும் பக்கமாக நகர்த்துங்கள். பிரிட்ஜ் அசையாமல் இருப்பதால், நெக் அப்படித் திரும்பும்போது மேல் ஃபிரெட்டுகளின் பகுதியில் கம்பிகள் ஈ விளிம்பை நோக்கி நகரும், ஜி பக்கம் இடம் கிடைக்கும். கம்பிகளைப் பாதிச் சுருதிக்கு ஏற்றி, நான்கு திருகுகளையும் கால் சுற்று மட்டும் தளர்த்தி, ஹெட்ஸ்டாக்கை அப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே இறுக்குங்கள். அதன்பின் முழுச் சுருதிக்கு ஏற்றி, ரிலீஃபையும் சேடில் உயரத்தையும் ஒருமுறை அளந்துவிட்டு, கடைசியாக இன்டொனேஷனையும் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக வருகிறதா என்பது) பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கருவி) உயரத்தையும் சரிபாருங்கள். கம்பி பாடியை விட்டு விலகும் கோணம் மாறியிருப்பதால், அந்த இரண்டும் பழைய அளவில் இருக்காது.