அல்சூர் குடும்பம்: பத்திரிகை புரூஃப்

சேகர்: கவிதா கல்யாணப் பத்திரிகை புரூஃப் வந்துவிட்டது, மேலே படம். எல்லாரும் ஒரு தடவை பாருங்கள். அச்சகத்துக்கு எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும். விட்டால் திங்கட்கிழமைதான்.

அருண்: ஓகே சித்தப்பா

கவிதா: ஓகே 👍

மங்கை: நன்றாக இருக்கிறது. பிள்ளையார்தான் கொஞ்சம் இளைத்துப்போயிருக்கிறார்.

நித்யா: பெரியப்பா பார்த்தாரா?

சேகர்: அண்ணனுக்கு எதற்குத் தொந்தரவு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து பேப்பரையே மடித்து வைத்துவிடுகிறார்.

லட்சுமி: நான் காட்டினேன். பேசுகிறார், கேளுங்கள்.

லட்சுமி: 🎤 குரல் செய்தி 0:19

அருண்: மீட்டிங்கில் இருக்கிறேன். அப்பா என்ன சொல்கிறார்?

நித்யா: "பத்திரிகை... மாமன்... வேலு... வேலு..." அவ்வளவுதான்.

லட்சுமி: என் தம்பி பேரைக் காணோம். தாய்மாமன் பேர் இல்லாமல் ஒரு பத்திரிகை.

சேகர்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மங்கை: நான் படித்துவிட்டேன் சேகர்.

சேகர்: அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் அண்ணி. வேறொன்றும் இல்லை.

லட்சுமி: சீட்டுப் பணம் இன்னும் மனதில் இருந்தால் நேராகச் சொல்லுங்கள் தம்பி.

அருண்: அம்மா, குரூப்பில் வேண்டாம்

மங்கை: அது இருக்கட்டும். அண்ணனால் வாசிக்க முடியாது என்றீர்கள். நாம் யாரும் பார்க்காததை அவர் எப்படிப் பிடித்தார்?

நித்யா: வாசிக்க முடியாது என்று யார் சொன்னது அத்தை? எல்லாச் சொல்லும் போகவில்லை, ஒரு வகைதான் ரொம்ப அடிவாங்கியிருக்கிறது. மூளையின் இடது பக்கம் முன்பகுதியில் புரோக்கா பகுதி என்று ஒன்று உண்டு. 'டான்' என்பதைத் தவிர வேறொன்றும் பேச வராத ஒரு நோயாளி இறந்தபின், 1861இல், அவர் மூளையைப் பார்த்துவிட்டு பாரிஸில் புரோக்கா என்ற டாக்டர் காட்டிய இடம் அது. அந்தப் பக்கம் ரத்தக்குழாய் அடைத்தால் ஆள் பேர், பொருள் பேர் ஓரளவு தங்கும், 'ஆனால்', 'ஆகவே', 'மற்றும்' மாதிரி கோக்கிற சொல்லும் வேற்றுமை உருபும் வினைமுற்றும் முதலில் உதிரும். பேச்சில் உதிர்வது பல பேருக்கு வாசிப்பிலும் உதிரும். நேற்று பேப்பரில் 'மழையால் பள்ளிகளுக்கு விடுமுறை' என்பதை 'மழை, பள்ளி, விடுமுறை' என்று வாசித்தார். விஷயம் பிடிபட்டுவிட்டது பாருங்கள். அதுவே 'ராமனைக் கண்ணன் அடித்தான்' என்று எழுதிக் காட்டினால் யார் அடித்தது என்று தடுமாறுகிறார். அந்த ஒரு 'ஐ'யில்தானே எல்லாம் இருக்கிறது.

அருண்: ராமன்தானே அடித்தது?

கவிதா: அருணுக்கும் ஒரு ஸ்கேன் எடுங்கள் 😂

மங்கை: அப்போ மெனு? நான் லிஸ்டில் கேசரி என்றுதான் எழுதினேன். அண்ணன் அதைப் பார்த்து அல்வா என்று தெளிவாகச் சொன்னார். ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று சமையல்காரரிடம் அல்வாவே சொல்லிவிட்டேன்.

சேகர்: எந்த அல்வா

மங்கை: பாதாம்

சேகர்: அக்கா!!

நித்யா: ஆசையெல்லாம் இல்லை அத்தை. எழுத்தை ஒலியாக்கிப் படிக்கிற வழி ஒன்று, எழுத்தைப் பார்த்ததும் நேரே பொருளுக்குப் போகிற வழி ஒன்று. முதல் வழி அடைபட்டால் இரண்டாவதுதான் கதி, அது சில சமயம் பக்கத்துப் பொருளில் போய் நிற்கும். கேசரிக்கும் அல்வாவுக்கும் எழுத்தில் ஒரு ஒற்றுமையும் கிடையாது, இனிப்பு என்பது மட்டும்தான். மார்ஷல், நியூகோம்ப் என்ற இரண்டு பேர் 1973இலேயே இதை விவரமாக எழுதியிருக்கிறார்கள்.

சேகர்: 1973இல் பாதாம் என்ன விலை என்று எழுதினார்களா

நித்யா: அப்பா, நாம் ஏன் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்தால் மிச்சம் என்ன வரும் என்று நமக்கே தெரியும். எதிர்பார்த்த சொல்லில் கண் அதிகம் நிற்காது, தாவிவிடும். எதிர்பாராதது வந்தால்தான் மூளைக்கு உறைக்கும். 'காப்பியில் சர்க்கரையும் செருப்பும் போட்டான்' என்று படித்தால், செருப்பைப் பார்த்து சுமார் 0.4 விநாடியில் மூளையின் மின் அலையில் ஒரு மாற்றம் தெரியும், 1980இல் கண்டுபிடித்தது. இல்லாத பேருக்கு அந்த அலை எங்கிருந்து வரும்? பெரியப்பா வரியையே படிக்கவில்லை, பேரை மட்டும் தேடிக்கொண்டு போயிருக்கிறார்.

அருண்: செருப்பு 👍

நித்யா: இன்னொன்று. 'உதை' மாதிரி சொல்லை வாசித்தாலே மூளையில் காலை அசைக்கிற பகுதியின் பக்கம் லேசாக வேலை நடக்கிறது என்று 2004இல் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

லட்சுமி: புரூஃபைப் பார்த்தபோது எனக்கும் நடந்தது.

கவிதா: 😂😂

சேகர்: அண்ணி, வேலு பேரைப் போட்டுவிடலாம். இடம்தான் இல்லை. கடைசியில் சின்ன எழுத்தில்?

லட்சுமி: சின்ன எழுத்தா?

மங்கை: இவனுக்கு வாய்தான்

கவிதா: அப்பாவை நிம்ஹான்ஸுக்கு எப்போது கூட்டிப்போவது? பேச்சுப் பயிற்சி கன்னடத்தில் கொடுத்தால் அப்பாவுக்குச் சரிவருமா?

நித்யா: இரண்டிலும் அச்சுக்கோத்தவர்தானே. ஆனால் வீட்டில் பேசுவது தமிழ், தமிழில் கேட்டுப் பார்ப்போம். திங்கள் போகலாம்.

அருண்: திங்கள் எனக்கு முடியாது. செவ்வாய்?

மங்கை: செவ்வாய் வேண்டாம்.

நித்யா: அத்தை, ஆஸ்பத்திரிக்குமா கிழமை?

கவிதா: மணி ஏழே முக்கால். அச்சகத்துக்கு யார் சொன்னீர்கள்?

அருண்: நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை

மங்கை: அல்வாவை நிறுத்தட்டுமா வேண்டாமா, ஒருத்தராவது சொல்லுங்கள்

லட்சுமி: அவர் வாயால் வந்துவிட்டது, இருக்கட்டும்.

சேகர்: அண்ணி, போனை எடுங்கள். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன்.