அம்மாவின் அறைக் கேமராவும் அடுத்த கட்டிலின் சம்மதமும்

பக்கவாதத்திற்குப் பின் அம்மாவை இராமநாதபுரத்தை அடுத்த ஒரு தனியார் முதியோர் இல்லத்தில், இருவர் தங்கும் அறையில் சேர்த்திருக்கிறோம். முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்ததைப் பார்த்துக் காரணம் கேட்டபோது, பகலில் இருப்பவர் ஒன்றும் இரவில் இருப்பவர் வேறொன்றும் சொன்னார்கள். சிகாகோவில் இருக்கும் தம்பி, "அறையில் ஒரு கேமரா வைத்துவிடு அக்கா, இங்கே அதற்குச் சட்டமே இருக்கிறது" என்றான்.

டெக்சாஸ் மாநிலம் 2001-லேயே அதை அனுமதித்தது. தம்பி வசிக்கும் இல்லினாய்ஸில் 2016 ஜனவரி முதல் சட்டம் நடைமுறையில் உள்ளது. செலவு குடியிருப்பவருடையது, கட்டடத்தின் வாயிலில் அறிவிப்புப் பலகை வேண்டும், கேமராவைச் சேதப்படுத்துவது குற்றம் என்பவற்றோடு, உடன் தங்குபவரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் கேமராவை இயக்கவே கூடாது என்றும் அது சொல்கிறது. அவன் அனுப்பியதைப் படித்தபோது எனக்கு முக்கியமாகப்பட்டது இந்தக் கடைசி விதிதான்.

நம்முடைய 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தில் அறைக் கேமராவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம்பிடித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அடுத்த கட்டிலில் இருக்கும் பெரியபட்டினத்துப் பாட்டி அந்த அறையில்தான் சேலை மாற்றுகிறார்.

இல்லத்தின் மேலாளர் உடனே சரி என்றார், அவருக்குச் செலவில்லையே! பாட்டிதான், "என்னையும் படம் எடுக்குமா தாயி?" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கைப்பேசியில் காட்சி எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்று அவரிடமே காட்டி, அம்மாவின் கட்டிலுக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி திருப்பி, ஒலிப்பதிவை நிறுத்தி, துணி மாற்றும் நேரத்தில் துண்டால் மூடிவிடுவது என்று பேசி, அதையெல்லாம் தாளில் எழுதிப் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வைத்தார். மேலாளரும் கையொப்பமிட்டார். பிறகு இரவில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஒருவருக்குப் பதில் இருவர் வருகிறார்கள்.

பாட்டியை அவருடைய மகன் விரைவில் வீட்டுக்கு அழைத்துப் போகிறாராம். புதிதாக வருபவரிடம் பேசி எழுதி வாங்கும்வரை கேமராவை நிறுத்தி வைக்கப்போகிறேன். தம்பிக்கு இதில் வருத்தம்தான். ஆனால் அவன் அனுப்பிய சட்டமும் அதையே கேட்கிறது.