மறு: கிறவுண், பிறிட்ஜ் – பல்முடியா, பல்லுறையா?

அன்புள்ள குழுவினருக்கு,

பல் சிகிச்சைப் படிவத்துக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம். பழுதான பல்லின் மேல் பொருத்தும் மூடி கிறவுண் (crown); விழுந்த பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்களின் துணையோடு நிரப்புவது பிறிட்ஜ் (bridge), அதாவது பாலம். குழுவில் வந்த கருத்துகளை மேற்கோளாக எடுத்து, கீழே பதில் எழுதுகிறேன்.

> கிறவுண் என்றால் முடி. ‘பல்முடி’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது, ஐயா. முடி என்ற சொல்லை நம் பாடநூல்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. முரசுக்கு வெளியே தெரியும் பகுதி முடி, அடுத்தது கழுத்து, உள்ளே இருப்பது வேர் என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: இங்கே முரசு என்றால் ஈறு; கொட்டுகிற முரசு அல்ல.) பிறவியில் வந்த பகுதிக்கும் வைத்தியர் செய்து பொருத்தும் மூடிக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டுமா? புணர்ச்சியும் கைகொடுக்கவில்லை. கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆனதுபோல, பல்லும் முடியும் சேர்ந்தால் பன்முடி. படிப்பவர் பல முடிகள் என்றே எண்ணுவார். கிளினிக் வரிசையில் இருக்கும் ஒருவரிடம் “உங்கள் பல்லில் முடி வைக்க வேண்டும்” என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து போய்விடுவார்.

கிரீடமும் பொருந்தவில்லை. கிரீடம் தலைக்கு மேலே உட்காருவது. இதுவோ பல்லின் மேற்பரப்பையும் நான்கு பக்கங்களையும் முரசின் விளிம்புவரை மூடுவது. அதற்கு இடம் விடத்தான் பல்லின் பக்கங்களிலும் மேற்பரப்பிலும் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை செதுக்குகிறார்கள். வேர்ச் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல் கடிக்கும்போது பிளந்துவிடாமல் இருக்கவும், பாதிக்கு மேல் அடைப்பாகிவிட்ட பல்லைக் காப்பாற்றவும் இதைப் போடுகிறார்கள். உள்ளே சொந்தப் பல் இருக்கிறது, வெளியே சேர்க்கோனியா என்ற வெண்ணிறக் கடினப் பொருளோ உலோகமோ பீங்கானோ அதைப் போர்த்துகிறது. ஆகவே பல்லுறை. என் வாக்கு அதற்குத்தான்.

பிறிட்ஜில்தான் எனக்குக் கவலை அதிகம். திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கீழ்க் கடைவாயில் ஒரு பல் போய்விட்டது. பிறிட்ஜ் போடலாம் என்றதும் சம்மதித்தார். ஓட்டையை மட்டும் அடைப்பார்கள் என்று நினைத்திருந்தார். இரண்டு பக்கமும் இருந்த நல்ல பற்களைச் செதுக்கத் தொடங்கியபோதுதான் திடுக்கிட்டார். வைத்தியர் செய்தது முறையான சிகிச்சை. சம்மதப் படிவத்தில் இருந்த சொல்தான் ஒன்றையும் சொல்லவில்லை. பல்லுறையில் பழுதான பல்தான் செதுக்கப்படுகிறது. பாலத்தில், இல்லாத பல்லுக்காக இருக்கிற பற்கள் விலை கொடுக்கின்றன. நாம் ஆக்கும் சொற்கள் இதை மறைக்கக் கூடாது.

> பிறிட்ஜ் என்பது மூன்று கிறவுண்களின் கோவைதானே? ‘இணையுறை’ போதும்.

கோவையாகத் தெரிவது உண்மை. ஆனால் நடுவில் இருப்பது உறை அல்ல. அதற்குள் போர்த்த எதுவும் கிடையாது, முரசின் மேல் வெறுமனே நிற்கும் செயற்கைப் பல் அது. அதன் அடியில் சோறும் மீன் துணுக்கும் தங்கும், பல் நூலை ஊசிக்கண் போன்ற கருவியால் கோத்து இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு மேல் மேரிலாந்துப் பாலம் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் உறையே இல்லை. செயற்கைப் பல்லின் பக்கங்களில் இருக்கும் சிறகுகளைப் பக்கத்துப் பற்களின் பின்புறத்தில் பிசினால் ஒட்டுகிறார்கள். செதுக்கல் மிகக் குறைவு. ‘இணையுறை’ என்று பெயர் வைத்துவிட்டால் இதை எங்கே சேர்ப்பது?

ஆகவே பற்பாலம். திருகோணமலைக்காரருக்குப் பாலம் என்றால் விளக்கம் தேவையில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை படகுப் பாதையில் காத்திருந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த 396 மீற்றர் பாலத்துக்குத் தண்ணீருக்குள்ளேயே தூண்கள் உண்டு. பற்பாலத்துக்கு நடுவில் தூண் கிடையாது, முழுப் பாரமும் கரையில்தான். இந்த வேறுபாட்டைத் துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். கரையில் நிற்பவை தாங்குபற்கள், நடுவில் தொங்குவது இடைப்பல். தாங்குபற்களின் வேர்ப்பரப்பு இழந்த பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது என்று ஆன்ட் என்ற பல் வைத்தியர் 1926 இல் சொன்ன விதியை இன்று யாரும் அப்படியே கடைப்பிடிப்பதில்லை. ஆனாலும் அதன் பொருளைத் ‘தாங்குபல்’ என்ற பெயரே நோயாளிக்குச் சொல்லிவிடுகிறது.

தாடை எலும்பில் திருகாணி (implant, பதியம்) பதித்து அதன் மேல் போடுவதைப் பல்லுறை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார் மட்டக்களப்பு அண்ணர். அங்கே உள்ளே பல் இல்லை என்பது சரி. என்றாலும் ஓர் உலோகக் காலை உறை மூடுகிறது. ‘பதியத்தின் மேல் பல்லுறை’ என்று எழுதலாம். இதற்காகப் புதுச்சொல் ஆக்கினால் மூன்றாவது குழப்பம் தொடங்கும்.

பேச்சில் கிறவுண், பிறிட்ஜ் தொடரட்டும், அதில் எனக்குப் பிணக்கில்லை. படிவத்திலும் பிரசுரத்திலும் மட்டும் பல்லுறை, பற்பாலம், தாங்குபல், இடைப்பல் இருக்கட்டும்.

மனத்துக்கு ஒப்பாமல் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கி நிற்கும் பாலத்துக்கு ‘ஒருகரைப் பாலம்’ என்று எழுதிப் பார்த்தேன். அது எங்கேயும் போய்ச் சேராத பாலம்போல் ஒலிக்கிறது. மூதூர்த் தங்கச்சி, நீங்கள் தினமும் நோயாளிகளோடு பேசுகிறவர்; அவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.