புதுப்பிப்பு: நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை

நடந்தால் நெஞ்சை அழுத்தும் வலிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த சார்பிட்ரேட் 5 மில்லிகிராமை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். விழுங்கினால் என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும். மீதி வேலை செய்யவும் நேரமாகும். நாக்கடியில் கரைந்தால் நேராக ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். வாய் உலர்ந்திருந்தால் மாத்திரை அப்படியே கிடக்கும். முதலில் ஒரு மடக்குத் தண்ணீரில் வாயை நனையுங்கள்.

நின்றுகொண்டு வைக்கவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், தலைசுற்றிக் கீழே விழுவார்கள். உட்கார்ந்து வையுங்கள். தலைவலி வரலாம், அது மருந்தின் வேலைதான். 24 மணி நேரத்துக்குள் சில்டெனாஃபிலோ, 48 மணி நேரத்துக்குள் டடலாஃபிலோ (இரண்டும் ஆண்மைக்குறைவுக்கான மாத்திரைகள்) சாப்பிட்டிருந்தால் இதைத் தொடாதீர்கள். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முக்கியமான திருத்தம்: மாத்திரைக்கு வலி அடங்கினால் அது இதய வலிதான் என்று எழுதியிருந்தேன். தவறு. உணவுக்குழாய் இறுக்கத்தால் வரும் வலியும் இதற்கு அடங்கும். 5 நிமிடத்தில் குறையாவிட்டாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வியர்த்து வலித்தாலோ உடனே 108. வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கலாம்.