மாரத்தானுக்கு முந்தைய வாரங்களில் கால் இறுக்கமும் பதற்றமும்: எப்படிச் சமாளிப்பது?

மாட்டுங்காவாசி:

ஜனவரி மூன்றாம் ஞாயிறன்று நடக்கும் மும்பை மாரத்தானில், 42.195 கிலோமீட்டர் முழுத் தொலைவை முதன்முறையாக ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 32 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்தை நல்லபடியாக முடித்த பிறகு, அட்டவணைப்படி தூரத்தைக் குறைக்கத் தொடங்கினேன். அதுவரை ஒரு குறையும் சொல்லாத கால்கள் இப்போதுதான் முரண்டு பிடிக்கின்றன. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது கெண்டைக்கால்கள் விறைத்திருக்கின்றன. மாடிப்படி இறங்கினால் வலது முழங்காலில் ஏதோ நெருடுகிறது. மெதுவாக 6 கிலோமீட்டர் ஓடினாலே மூச்சு வாங்குகிறது. எடையும் ஒரு கிலோ கூடியிருக்கிறது. இத்தனை மாத உழைப்பும் கரைந்துகொண்டிருக்கிறதோ என்ற எண்ணத்தில் இரவில் தூக்கம் வருவதில்லை. இந்த ஞாயிறு 25 கிலோமீட்டர் ஓடிப் பார்த்துவிட்டால் மனம் அடங்கும் என்று தோன்றுகிறது. அப்படி ஓடலாமா, அல்லது ஓட்டத்தையே நிறுத்தி முழு ஓய்வு எடுப்பது நல்லதா?

சிவாஜி பார்க் பெரியவர்:

இரண்டும் வேண்டாம் அம்மா. பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஓடும் 25 கிலோமீட்டர் உங்கள் திறனைக் கூட்டப்போவதில்லை, ஏனெனில் உடல் அந்த உழைப்பை உள்வாங்கிப் பலனாக மாற்றுவதற்குள் பந்தய நாள் வந்துவிடும்; களைப்பு மட்டுமே கூடவரும். அதே நேரத்தில் அடியோடு நிறுத்துவதுதான் விறைப்பை அதிகமாக்குகிறது. மாதக்கணக்கில் நாள்தோறும் வேலை வாங்கப்பட்ட தசை திடீரெனச் சும்மா இருந்தால் மந்தமாகிவிடும். வாரத்தில் எத்தனை நாள் ஓடினீர்களோ அத்தனை நாளும் ஓடுங்கள், வேகத்தையும் கைவிடாதீர்கள். தூரத்தை மட்டும் வழக்கத்தில் பாதி அளவுக்குக் கொண்டு வாருங்கள். மெதுவோட்டத்தின் முடிவில், மூச்சிரைக்காமல் 80 முதல் 100 மீட்டர் வரை விரைந்து ஓடி, நின்று நிதானித்து, நான்கைந்து முறை அதையே செய்யுங்கள். கால்கள் கலகலப்பாவதை அன்றே உணர்வீர்கள்.

எடையைப் பற்றிக் கவலைப்படுவது தேவையற்றது. சொல்லப்போனால் அது நல்ல செய்தி. குறைவாக ஓடுவதால், ஓட்டத்துக்கு எரிபொருளாகும் சேமிப்புச் சர்க்கரையான கிளைகோஜன் தசைகளில் நிரம்புகிறது, ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்குகிறது. கால் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 35 கிலோமீட்டரைக் கடந்தபின் பெடர் சாலை ஏற்றம் வரும்போது அந்தச் சேமிப்புதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இயன்முறை மருத்துவர், தாணே:

பெரியவர் சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் முழங்கால் நெருடலை அப்படியே தள்ளிவிட முடியாது. இந்த வாரங்களில் தோன்றும் வலிகளில் பெரும்பாலானவை இன்று முழங்காலில், நாளை இடுப்பில் என இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஓடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் மறைந்தும்விடும். கவனம் உடலின் மீதே குவிந்திருப்பதால் முன்பு பொருட்படுத்தாத சிறு உறுத்தல்களும் பெரிதாகத் தெரிகின்றன. மாறாக, விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், குறிப்பாக எலும்பின் மீது வலித்தாலோ, ஓட ஓடக் கூடினாலோ, படுத்திருக்கும்போதும் விடாவிட்டாலோ, நடையே மாறினாலோ, உடனே நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

விறைப்புக்கு வெதுவெதுப்பான நீரில் குளித்துவிட்டு ஃபோம் ரோலரை (தசையை உருட்டித் தளர்த்தும் நுரை உருளை) மென்மையாக உருட்டினால் போதும். கடைசி வாரத்தில் அழுத்தி மசாஜ் செய்துகொள்வதும், இதுவரை செய்யாத யோகாசனத்தைப் புதிதாகத் தொடங்குவதும் தசையைப் புண்ணாக்கிவிடும். பந்தய நாள் காலையில் முன்னெச்சரிக்கையாக வலி மாத்திரை போட்டுக்கொள்வதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஐபுப்ரோஃபென் போன்றவை, நீரிழந்த நிலையில் மணிக்கணக்காக ஓடும் உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

மாட்டுங்காவாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முழங்கால் நெருடல் ஓடும்போது மறைந்துவிடுகிறது. 25 கிலோமீட்டர் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வது?

காலை ஓட்டக்காரி, செம்பூர்:

பந்தயத்துக்கு முந்தைய இரவு பலருக்கும் தூக்கம் சரியாக வராது. அந்த ஓர் இரவால் ஓட்டம் கெட்டுவிடாது. அதற்கு முந்தைய சில இரவுகளில் முன்னதாகவே படுத்துவிடுங்கள். விடிவதற்கு முன்பே புறப்பட வேண்டியிருப்பதால், இப்போதிருந்தே எழும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவருவது நல்லது. ஓய்ந்திருக்கும் நேரத்தில் மனம் அலைபாய்ந்தால், அதற்கு ஒரு வேலை கொடுங்கள்: எந்த வேகத்தில் தொடங்குவது, எங்கே தண்ணீர் குடிப்பது, சீ லிங்க் பாலத்தில் உற்சாகத்தில் வேகம் கூடினால் எப்படி அடக்குவது என்று தாளில் எழுதிப் பாருங்கள்.

சாப்பாட்டில், கடைசி இரண்டு நாள் மாவுச்சத்தைக் கூட்டுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 8 கிராம் என்று வைத்தாலும் 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 440 கிராம் வேண்டும். ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம்தான் இருக்கிறது என்பதால், ஒரே வேளையில் திணிக்காமல் இட்லி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், தேன் என நாள் முழுவதும் பிரித்துச் சாப்பிடுங்கள். சனிக்கிழமை கீரை, சுண்டல், காரக்குழம்பு எதுவும் வேண்டாம். நம் பக்கத்துத் தயிர்சாதம் வயிற்றுக்கு இதமாக இருக்கும், உங்களுக்குப் பழகிய உணவும்கூட.