சென்னையிலிருந்து கல், கனிமம், புதைபடிவம் தேடிச் செல்ல உகந்த இடங்கள் எவை?

தாம்பரம் வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சில காலமாகக் கற்களைச் சேகரித்துக் காலணிப் பெட்டிகளில் அடுக்கி வைத்து வருகிறாள். அவற்றில் பெரும்பாலானவை தெருவோரத்து வெங்கச்சங்கற்களும் கடற்கரைக் கூழாங்கற்களுமே. இனி இதைச் சற்று முறையாகச் செய்ய விரும்புகிறோம். காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய தொலைவில், பாறைகளையும் கனிமங்களையும், முடிந்தால் புதைபடிவங்களையும் நேரில் கண்டு, சட்டத்துக்கு உட்பட்டுச் சில மாதிரிகளை எடுத்துவரக்கூடிய இடங்கள் உண்டா? திருவக்கரை கல்மரப் பூங்காவைப் பற்றியும் அறிய விரும்புகிறேன்.

நிலவியல் பழைய மாணவன்:

ஐயா, தாம்பரத்தில் குடியிருப்பவர் முதலில் பார்க்க வேண்டியவை பல்லாவரமும் பரங்கிமலையும்தான். உலக நிலவியல் நூல்களில் சார்னோகைட் என வழங்கும் பாறை இப்பகுதியில் ஏராளமாக உண்டு. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்று கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் சார்னாக்கின் பெயரையே இதற்கு இட்டார். கருங்கல் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் இக்கல்லின் புதிதாக உடைந்த முகத்தைப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்சால் பார்த்தால், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்புடன் நீலச்சாம்பல் நிறக் குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் ஆகிய கனிமங்களும், அவற்றுக்கிடையே ஹைப்பர்ஸ்தீன் என்ற கரும்பழுப்பு நிறக் கனிமத்தின் மணிகளும் தெரியும்.

ஆனால் பரங்கிமலையில் சுத்தியலை எடுக்க வேண்டாம். அங்குள்ள சார்னோகைட் பாறை, இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அறிவித்த தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்று. திரிசூலம், பல்லாவரம் பக்கத்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளுக்கும் குழந்தையை அழைத்துச் செல்லாதீர்கள். அவற்றில் ஆழமாகத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மாதிரிக்கு எளிய வழி, வீடு கட்டும் இடத்தில் கொட்டியிருக்கும் ஜல்லிக் குவியலே. செங்கல்பட்டுப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் ஜல்லியில் புது முகத்துடன் சார்னோகைட் தாராளமாகக் கிடைக்கும். உரிமையாளரிடம் கேட்டால் இரண்டு துண்டு தராதவர் இருக்க மாட்டார்.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்கு அவசியம் செல்லுங்கள். வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் செல்பவர்களில் பலர் பூங்காவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். அங்குள்ள அடிமரங்கள் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. மரப்பொருளின் இடத்தைச் சிலிக்கா (மணலில் உள்ள கனிமப் பொருள்) பிடித்துக்கொண்டதால், மரத்தின் இழையமைப்புக்கூடக் கல்லில் அப்படியே நிலைத்துவிட்டது. வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதைக் கொண்டு, அவை அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அங்கிருந்து சிறு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

அரியலூர்க்காரர், தற்போது வளசரவாக்கம்:

புதைபடிவம் என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டில் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கு ஈடில்லை. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலின் சிப்பிகளும், அம்மோனைட், பெலம்னைட் என்ற அழிந்துபோன கடலுயிரிகளின் சுருள் வடிவ ஓடுகளும், துப்பாக்கித் தோட்டா போன்ற எச்சங்களும் முறையே சுண்ணாம்புக்கல்லிலும் களிமண் அடுக்குகளிலும் பொதிந்துள்ளன. பூஜையறைச் சாளக்கிராமத்தைப் பார்த்திருந்தால் உங்கள் மகளுக்கு அம்மோனைட்டை விளக்க வேண்டியிருக்காது. அதுவும் கண்டகி நதிப் படுகையில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவமே.

ஒரே நாளில் சென்று திரும்புவது களைப்பூட்டும். ஓரிரவு தங்குவதே நல்லது. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால், பிறகு நிலத்தில் எதைத் தேடுவது என்று கண் பழகிவிடும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. காரை கிராமத்தை ஒட்டிய அரிப்பு நிலமோ பார்க்கப் பார்க்கத் திகட்டாதது. ஆனால் இவ்விரண்டும் பாதுகாக்கப்பட்டவை என்பதால் புகைப்படத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் எழுத்து மூல அனுமதியின்றி நுழைய இயலாது. பள்ளி வழியாக விண்ணப்பிப்பதே பலன் தரும் என்று எனக்குத் தோன்றுகிறது. தனியார் வயலில், கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேட்டில், நிலத்துக்காரரின் சம்மதத்துடன் தேடலாம். ஒரு மழை பெய்து மேல்மண் கழுவப்பட்ட பின் சிப்பிகள் தாமாகவே வெளியே தலைகாட்டும். சித்திரை, வைகாசியில் மட்டும் போகாதீர்கள். அங்கே ஒதுங்க நிழல் கிடையாது.

திருவள்ளூர் வாசகி:

மேலே இருவரும் கூறாத ஒன்றைச் சேர்க்கிறேன். சென்னையைச் சுற்றிக் கல் பொறுக்குபவர் கையில் கற்காலக் கருவி அகப்படுவது அரிதன்று. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். எங்கள் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. பழுப்பேறிய குவார்ட்சைட் (குவார்ட்ஸ் மணிகள் இறுகிய கடினப் பாறை) கல் ஒன்று இருபுறமும் செதுக்கப்பட்டு, ஒரு முனை கூர்மையாகக் கைக்கோடரி போல் இருந்தால், அதைச் சேகரிப்பில் சேர்க்கக் கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, புகைப்படமும் கைபேசி காட்டும் இடக்குறிப்பும் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இடத்தை விட்டுப் பெயர்ந்த கருவி, எந்த மண்ணடுக்கைச் சேர்ந்தது என்ற செய்தியை இழந்துவிடுகிறது. இத்தகைய கருவிகளை அடையாளம் காணப் பழக, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஃபூட்டின் சேகரிப்பு உதவும். நிலவியல் பிரிவும் அதே வளாகத்தில் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

தாம்பரம் வாசகர்:

மூவருக்கும் மிக்க நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை எழும்பூருக்கும், விடுமுறையில் திருவக்கரைக்கும் செல்கிறோம். கோவளம் கடற்கரையில் கருமணலும் இளஞ்சிவப்பு மணலும் கோடு கோடாகப் படிந்திருப்பதை மகள் கவனித்திருக்கிறாள். அவை என்ன?

நிலவியல் பழைய மாணவன்:

இளஞ்சிவப்பு மணிகள் கார்னெட் என்ற கனிமம். கருமணலில் பெரும்பாலும் இல்மனைட்டும் சிறிதளவு மேக்னடைட்டும் இருக்கும்; இரண்டும் இரும்பு கலந்த கனிமங்கள். எடை மிகுந்தவை என்பதால், அலை வெண்மணலை இழுத்துச் சென்ற பின் இவை கோடாகத் தங்கிவிடுகின்றன. சாதாரணக் காந்தத்தை நெகிழிப் பையில் சுற்றி மணல்மேல் நகர்த்தினால் மேக்னடைட் உடனே ஒட்டிக்கொள்ளும். இல்மனைட்டுக்கு வலுவான காந்தம் தேவை. பார்த்து முடித்ததும் மணலை அங்கேயே கொட்டிவிடச் சொல்லுங்கள்.